தொடரும் என்று போடும் இடம்

அடுத்த வீட்டுக்காரரின் பீரோவைத் திறந்து பார்ப்பது எப்படியோ, அவருடைய கதையில் என்ன நடக்கிறது என்று கேட்பதும் அப்படித்தான். யாரும் சட்டம் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஆனாலும் மனோரஞ்சிதம் வந்த கொஞ்ச நாளிலேயே ஊர் முழுக்க இந்த நாகரிகம் படிந்துவிட்டது. மழையைப் பற்றிக் கேட்கலாம், மருமகளைப் பற்றிக் கேட்கலாம், சர்க்கரை எவ்வளவு என்றுகூடக் கேட்கலாம். "உங்க கதையில நேத்து என்னாச்சு?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவளை அப்புறம் யாரும் வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

ஒரு காலத்தில் ஒரே தொடரை ஊரே உட்கார்ந்து பார்த்தது. அதில் ஒருத்தி மாமியாரின் பாலில் எதையாவது கலந்துவிட்டால் மறுநாள் சிங்காநல்லூர் முழுக்க அவளைத் திட்டித் தீர்த்தது. ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள்கூட அதற்காக மட்டும் ஒன்று சேர்ந்தார்கள். பிறகு மனோரஞ்சிதம் என்ற புது டி.வி. வந்தது. மனோரஞ்சிதப் பூவை முகர்ந்தால் மனதில் எந்தப் பழத்தை நினைக்கிறோமோ அந்த வாசனை வரும் என்பார்களே, அதை நினைத்துப் பெயர் வைத்த புண்ணியவான் விஷயம் தெரிந்தவன்தான். திரையின் மேல் விளிம்பில் கடுகளவுக்கு ஒரு கண் இருக்கும். பார்க்கிறவரின் விழி எங்கே நிற்கிறது, மூச்சு எங்கே தடுக்குகிறது, எந்தச் சொல்லுக்குத் தொண்டை அடைக்கிறது என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். மறுநாள் அதற்கேற்ற கதை வரும். முகம், குரல், தெரு, வீடு எல்லாவற்றையும் இயந்திரமே செய்துகொள்ளும். நடிகர் வேண்டாம், வசனம் எழுத ஆள் வேண்டாம். ஆளுக்கொரு தொடர். ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு தொடர்.

கோகிலவாணியின் வீட்டில் இரண்டு பேர்தான். மகள் மெல்போர்னில் இருந்தாள். ஏழரை மணிக்குக் கோகிலவாணி கூடத்தில் உட்காருவாள். அவள் கணவர் லோகநாதன் உள்ளறைக்குப் போய், காதில் மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வார். எட்டு மணிக்கு இருவரும் சிவந்த கண்ணோடு வெளியே வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தோசை சாப்பிடுவார்கள். அதுவும் நாகரிகம்தான்.

கோகிலவாணியின் கதையில் ஒரு தம்பி இருந்தான்.

ஆரம்பத்தில் அவன் இல்லை. நாயகி துணிக்கடை வைத்தாள், நஷ்டப்பட்டாள், மறுபடி வைத்தாள். எல்லாம் சாதாரணமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் நாயகியின் வீட்டுச் சுவரில் ஒரு பையனுடைய போட்டோ தெரிந்தது. கோகிலவாணி அதைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. அடுத்த வாரம் அந்தப் பையன் பேச்சில் வந்தான். அதற்கடுத்த மாதம் ஆளாகவே வந்து நின்றான். முகம் அவளுடைய தம்பி தரணியின் முகமில்லை. ஆனால் நிற்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான், தரணி மாதிரியே. அதை மனோரஞ்சிதத்துக்கு யாரும் சொல்லவில்லை. பல விதமாக நிற்க வைத்துப் பார்த்திருக்கும். எதற்கு அவள் மூச்சு தடுக்கியதோ அதை வைத்துக்கொண்டது.

நிஜத் தரணி காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருந்தான். அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று ஏழு வருஷம் ஆகியிருந்தது.

கொங்கு நாட்டுக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் உடன்பிறந்தவள் நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் பிடிக்க, மறுமுனையை அவள் பிடிக்க வேண்டும். தரணிக்கு வெகுநாள் தள்ளிப்போய் முப்பத்தாறு வயதில் பெண் அமைந்தது. அப்போது பார்த்துக் கோகிலவாணி மகளின் பிரசவத்துக்காக மெல்போர்னில் இருந்தாள். கல்யாணத்துக்கு முதல்நாள் வந்து சேர வேண்டிய விமானம் இடையில் இறங்கிய ஊரிலேயே நின்றுவிட்டது. அந்த விமான நிலையத்திலிருந்து தம்பிக்குப் போன் செய்தாள். "நான் வராம இணைச்சீர் ஆரம்பிக்காதீங்கடா" என்றாள். "நீ வராம எப்படிக்கா?" என்றான் அவன்.

கோவையில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், லோகநாதன் ஓட்டிய காரில் நேரே மண்டபத்துக்குப் போனாள். வாசல்படியில் கால் வைக்கும்போதே மேளச் சத்தம். உள்ளே சித்தப்பா மகள் கௌரி சேலை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து மேடையிலிருந்த தரணி நிமிர்ந்தான். வாசல் பக்கம்தான் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான். கோகிலவாணி திரும்பிக் காரில் ஏறிவிட்டாள்.

அவன் தன்னைப் பார்த்தானா, பார்க்கவில்லையா? ஏழு வருஷமாக அவளை அரித்தது இது ஒன்றுதான். சீர் போனால் போகிறது. பார்க்கவில்லை என்றால் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். அந்த வாரம் அவன் இரண்டு தடவை போன் செய்தான். கோபத்தில் அவள் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்துவிடலாம் என்று போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை வரவே இல்லை. இவள் கூப்பிடட்டும் என்று அவனும், அவன் கூப்பிடட்டும் என்று இவளும் இருந்துவிட்டார்கள். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், பிடிவாதத்தில் மட்டும் எப்படி வேறுபடுவார்கள்?

இந்த நிலைமையில்தான் கதைத் தம்பி வந்து சேர்ந்தான். நாயகியின் வீட்டு வாசல் வரைக்கும் வருவான். கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "அக்கா, அன்னைக்கு நான் உன்னை..." என்பான். தொடரும் என்று போட்டுவிடும். மறுநாள் கேட்டில் வேறு யாரோ வந்து குறுக்கே நிற்பார்கள். நாலு நாள் கழித்து மறுபடி வருவான். ஒருமுறை கேட்டைத் திறந்து உள்ளேயே வந்துவிட்டான். அன்று கோகிலவாணி எழுந்து நின்றுவிட்டாள், வருகிறவனை வரவேற்பது போல. அவள் அந்தப் பையனுக்காகக் காத்திருந்த அளவுக்கு வயிற்றில் பத்து மாசம் சுமந்த மகளுக்காகக்கூடக் காத்திருந்ததில்லை. அவன் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிட்டால் போதும், அதற்கப்புறம் செத்தால்கூடச் சரி என்றிருந்தது.

லோகநாதனின் அக்கா மகள் மகிழினிக்கு மனோரஞ்சிதத்தில்தான் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்திருந்தாள். மாமா கை கழுவப் போன நேரம் பார்த்துக் கோகிலவாணி மெல்ல ஆரம்பித்தாள்.

"அம்மிணி, உனக்கு அங்க என்னதான் வேலை? எல்லாத்தையும் மிசினே செஞ்சுக்குதுங்கறாங்க."

"கதைய மிசின் செஞ்சுரும் அத்தை. எங்க நிறுத்தறதுன்னுதான் நாங்க பாப்போம். எங்களை நிறுத்துக்காரிங்கன்னு கூப்புடுவாங்க" என்று சிரித்தாள் மகிழினி. "மிசினை விட்டா அழுகை உச்சத்துல கொண்டுபோயி நிறுத்தும். அது தப்பு. அழுதுட்டா பாரம் எறங்கிரும். அழறதுக்கு ஒரு மூச்சு முன்னாடி நிறுத்தோணும். அது ஆளுங்களுக்குத்தான் தெரியும்."

"யாரோட கதைன்னு உனக்குத் தெரியுமா?"

"சேச்சே. பேரும் வராது, ஊரும் வராது. வெறும் நம்பர்தான்."

கோகிலவாணி ரசத்தை ஊற்றிக்கொண்டே, தனக்கு ஒன்றுமில்லாத விஷயம் போலக் கேட்டாள். "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒரு கதையில ரெண்டு பேரு பிரிஞ்சிருக்காங்கன்னு வெய்யி. எத்தனை நாள்ல சேத்து வெப்பீங்க?"

மகிழினி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாளோ என்னவோ.

"சேர மாட்டாங்க அத்தை."

"எப்பவுமேயா?"

"சேந்துட்டா நீங்க டி.வி.ய அணைச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவீங்கல்ல? ஏக்கம் இருக்கற வரைக்கும்தான் பாப்பாங்க. கிட்ட கொண்டு போலாம், தொட விடக்கூடாது. வேலைக்குச் சேந்த மொத நாளே எங்களுக்குச் சொல்லித் தர்ற பாடம் அதுதான்." பிறகு நிமிர்ந்து, "ஏன் அத்தை, ரசம் வழியுது பாருங்க" என்றாள்.

அன்று ஏழரைக்குக் கோகிலவாணி வழக்கம் போல உட்கார்ந்தாள். தம்பி வந்தான். கேட்டைப் பிடித்துக்கொண்டான். இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. இவன் ஒருநாளும் சொல்ல மாட்டான் என்று தெரிந்தபிறகும் அவளுக்குத் தொண்டை அடைத்தது. அதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. அந்தக் கடுகுக் கண் இதையும் பார்த்துக்கொண்டிருக்கும், இந்த அழுகையையும் எடுத்து நாளைய கதையில் போட்டுக்கொள்ளும் என்று நினைத்தபோது எரிச்சலாக வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

லோகநாதன் வெளியே வந்தபோது சொன்னாள். "ஏனுங்க, காங்கேயம் போகோணும்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஏழு வருஷத்தில் அந்த ஊர்ப் பெயர் அந்த வீட்டில் உச்சரிக்கப்பட்டதில்லை. "எப்போ?" என்றார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை."

"சரி" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து வைத்தார். சனிக்கிழமை அவராகவே தன்னுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டினார். லோகநாதன் அப்படித்தான், பேச்சில் சிக்கனம்.

போகிற வழியெல்லாம் கோகிலவாணி ஒத்திகை பார்த்தாள். அவன் வந்து நிற்பான். முதலில் ஒன்றும் பேசாமல் அழுவான். அப்புறம் சொல்வான். அப்போது இவள் அவன் தலையில் கை வைத்து... அந்த இடத்தில் மெதுவாக வயலின் கேட்டது அவளுக்கு. கார் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. லோகநாதன் பழக்க தோஷத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேங்காய்க் களத்தில் உடைத்த மூடிகள் வெயிலில் வெள்ளையாகப் பரந்து கிடந்தன. அதற்குப் பின்னால் வீடு. காரின் சத்தம் கேட்டு வெளியே வந்தவனைக் கோகிலவாணிக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. தலை வழுக்கையாகியிருந்தது, வயிறு முன்னால் வந்திருந்தது. முழங்கால் வலி போலிருக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். இடது கை முதுகுக்குப் பின்னால் போகவே இல்லை. தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை என்று பின்னால் சொன்னான். இவனைவிட அந்தக் கதைத் தம்பிதான் என் தம்பி மாதிரி இருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"வாக்கா" என்றான் தரணி, போன வாரம்தான் வந்துவிட்டுப் போனவளிடம் சொல்வது போல. "வாங்க மாமா. கார நெழல்ல நிறுத்துங்க, மூடி ஏத்தற வண்டி வரும்."

உள்ளே உட்கார்ந்தார்கள். இப்போது சொல்வான் என்று கோகிலவாணி அவன் முகத்தையே பார்த்தாள். அவனும் இவள் முகத்தையே பார்த்தான், இப்போது ஏதோ வரப்போகிறது என்பது போல. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவன் மனைவி சௌமியா காபியோடு வந்தாள். கல்யாணத்தன்று தூரத்தில் பார்த்த தலை, இப்போதுதான் முகமாகத் தெரிந்தது.

"சக்கரை போடலாமுங்களா அண்ணி?"

"அரை ஸ்பூன் போதும்மா."

சரி, நாமே ஆரம்பித்துக் கொடுப்போம் என்று கோகிலவாணி கதையில் நாயகி சொல்வதையே சொன்னாள். "உன்னைப் பாக்காம கண்ணே பூத்துப் போச்சுடா." கதையில் இதற்குத் தம்பி தடுமாறிக் கேட்டில் சாய்ந்துகொள்வான்.

தரணி அக்கறையாக முன்னால் குனிந்தான். "திருப்பூர்ல நல்ல கண்ணாஸ்பத்திரி ஒண்ணு வந்திருக்குதுக்கா. எனக்கே அங்கதான் பாத்தாங்க."

லோகநாதன் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டு, களத்தைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் முறை. தொண்டையைச் செருமினான். "வந்துட்டியாக்கா" என்றான். சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தான், அங்கிருந்து ஏதோ நடந்து வரவேண்டும் என்பது போல.

"ஆமா, வந்துட்டேன்" என்றாள் கோகிலவாணி.

அவ்வளவுதான். தேங்காய் விலை பேசினார்கள். மழை பேசினார்கள். மெல்போர்ன் பேரன் எந்த வகுப்பு என்று அவன் கேட்டான், இவள் சொன்னாள். அவன் காத்திருந்தான், இவள் காத்திருந்தாள். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கோகிலவாணிக்கு நெஞ்சு காய்ந்துபோயிற்று. வீட்டிலேயே இருந்திருந்தால் கேட் வரைக்குமாவது ஒருத்தன் வந்திருப்பான்.

"அப்ப நாங்க கெளம்பறோம்" என்று எழுந்தாள்.

"சாப்புடாம எப்படிங்க அண்ணி?" என்று சௌமியா ஓடி வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வந்ததுக்காச்சும் இன்னிக்கு அவரு மனுசங்களோட இருக்கட்டும். ஏழரை ஆனா ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கறாரு. வெளிய வரப்போ மூஞ்சியப் பாக்க முடியறதில்லைங்க. என்னன்னு கேக்கவா முடியும்?" என்று படபடவென்று சொல்லிவிட்டு, சொல்லக் கூடாததைச் சொன்னவளாக உதட்டைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

கோகிலவாணி மறுபடி உட்கார்ந்தாள். தரணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது.

"தரணி, உன்ற கதையில நான் வர்றனா?"

அவன் சட்டை கிழிந்தவன் போலப் பதறிவிட்டான். "என்னக்கா இது... இதையெல்லாம் போயிக் கேட்டுட்டு."

"சொல்லுடா."

"விடுக்கா. பெரியவங்க கேக்கற கேள்வியா இது?"

"சரி, என்ற கதைய நான் மொதல்ல சொல்றேன்." அவளுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டதை அவள் கவனித்தாள். இருக்கட்டும், கேட்டால் கேட்கட்டும். "என்றதுல ஒரு தம்பி இருக்கான். வாசல் வரைக்கும் வர்றான். அன்னிக்கு நான் உன்னைப் பாக்கவே இல்லைக்கான்னு சொல்ல வர்றான். அதுக்குள்ள முடிச்சுர்றாங்க. இத்தனை நாளும் அவன் சொல்லி முடிக்கறதுக்காகத்தான் நான் ஒக்காந்திட்டிருக்கேன்."

தரணி காபி டம்ளரைத் தள்ளி வைத்தான். பிறகு தலை நிமிராமலே சொன்னான்.

"என்ற கதையில கல்யாணம் முடியறதே இல்லைக்கா. மேளம் அடிச்சுட்டே இருக்குது. நேரமாச்சு நேரமாச்சுன்னு எல்லாருங் கத்தறாங்க. நான் எந்திரிக்க மாட்டேங்கறேன். என்ற அக்கா வரட்டும்ங்கறேன். கௌரி கிட்ட வந்தாப் போயிருங்கறேன். தெனமும் இதேதான். கடைசியில உன்ற கார் வந்து மண்டபத்து வாசல்ல நிக்கும். கதவு தொறக்கும். ஒரு கால் வெளிய வரும். அதோட சரி. ரெண்டு வருசமா நீ எறங்கவே இல்லை."

கோகிலவாணிக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்குத்தான், இதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. "அப்பறம் என்னடா? நீ என்னைப் பாக்கலைன்னு எனக்குத் தெரியும். அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"பாத்தேன்க்கா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"அன்னிக்குப் பாத்தேன். பச்சைச் சேலை, கசங்கிப் போயிருந்துது. தலை கூட வாரலை நீ. அக்கான்னு ஒரு வார்த்தை கூப்புட்டிருக்கலாம். கூப்புட்டா மறுக்காவும் மொதல்ல இருந்து செய்யச் சொல்லுவாங்க, நேரம் தப்பிரும், பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்களோன்னு... குனிஞ்சுக்கிட்டேன். நிமுந்து பாக்கறதுக்குள்ள நீ இல்லை." அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். "கதையில நான் காத்திட்டிருக்கேன்க்கா. நெசத்துலதான் இல்லை."

இந்த வசனத்தை மனோரஞ்சிதம் அவளுக்கு ஒருநாளும் கொடுத்திருக்காது. கொடுத்தால் அவள் அன்றைக்கே திரையை உடைத்திருப்பாள். ஏழு வருஷத்துக் கோபம் அவளுக்கு அப்போதுதான் முழுசாக வந்தது. "பாத்துட்டாடா குனிஞ்சே? நாயே, பாத்துட்டா குனிஞ்சே?" என்று கத்தினாள். அவன் தோளில் அடித்தாள். வலிக்கிற தோள் அது, அவன் முகத்தைச் சுளித்தானே தவிர விலகவில்லை. அம்மா இறந்த வருஷம் அவனுக்கு அம்மை போட்டதிலிருந்து தொடங்கி, பள்ளிக்கூடத்துக்கு அவள் கட்டிக்கொடுத்த சோறு வரை ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டினாள். வயலின் ஒன்றும் கேட்கவில்லை. மூக்கு ஒழுகியது. களத்திலிருந்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். லோகநாதன் உள்ளே வராமல் அவர்களுக்கு ஏதோ சைகை காட்டி அனுப்பினார்.

ஒரு கட்டத்தில் தரணி அழ ஆரம்பித்தான். அழகான அழுகை இல்லை. நாற்பத்து மூன்று வயது வழுக்கைத் தலையன் வாயைத் திறந்துகொண்டு அழுதால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. அதைப் பார்த்ததும் கோகிலவாணிக்குத் திட்டு நின்றுபோயிற்று. சேலைத் தலைப்பை எடுத்து அவன் முகத்தில் எறிந்தாள். "தொடைச்சுக்க. பாக்கச் சகிக்கலை."

நடுவில் யாரும் தொடரும் என்று போடவில்லை. சௌமியா இலை போட்டாள். கோகிலவாணி சாப்பிட்டாள்; சாப்பிட்டுக்கொண்டே மறுபடி திட்டினாள்; கொள்ளுப் பருப்புக்கு உப்பு போதவில்லை என்று அதையும் சேர்த்துத் திட்டினாள். பார்த்துவிட்டுக் குனிந்தவனை முழுசாக மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் இல்லை. ஆனால் திட்டுவதற்கு ஆள் எதிரில் இருந்தான். சாயங்காலக் காபி வரைக்கும் இருந்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். காரில் ஏறும்போது தரணி, "அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க வர்றோம்" என்றான். "வராம இருந்து பாரு" என்றாள் அவள்.

பல்லடம் தாண்டும்போது இருட்டிவிட்டது. காரின் முகப்பில் மணி ஏழரை என்று காட்டியது. கோகிலவாணிக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது, மனம் மட்டும் இலேசாகியிருந்தது. அந்தக் கேட்டில் இந்நேரம் அவன் வந்து நிற்பான், பார்க்க ஆளில்லாமல். நிற்கட்டும் என்று நினைத்தாள். பிறகுதான் பக்கத்தில் இருப்பவர் நினைவு வந்தது.

"உங்க கதை போயிருச்சே இன்னிக்கு."

"போகட்டும்" என்றார் லோகநாதன்.

காலையிலிருந்து கேட்கக் கூடாததைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் பழகியிருந்தது. "ஏனுங்க, உங்க கதையில யாரு வர்றாங்க?"

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, தானாக ஓடும் காரை ஓட்டுவது போல முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் உடன்பிறந்தவர்கள் உண்டு, காலேஜில் கூடப் படித்த சிநேகிதர்கள் உண்டு. ஏன், கல்யாணத்துக்கு முன்னால் வேறு யாராவதுகூட இருந்திருக்கலாம். எதைச் சொன்னாலும் தாங்கிக்கொள்வது என்று கோகிலவாணி தயாராக இருந்தாள்.

"நீதான்."

"நானா?" அவள் சிரித்துவிட்டாள். "நான்தான் பக்கத்துலயே இருக்கறனே."

கோழிப் பண்ணை விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அவளுடைய சிரிப்பு தானாகவே நின்றது.

"நான் வந்து என்ன பண்றேன்?"

"ஒண்ணும் பண்றதில்லை. அவரக்கா நறுக்குவே. நான் எதுருல ஒக்காந்திருப்பேன். கரண்டு பில்லு, பக்கத்து வீட்டு நாயி, இப்படி எதையாச்சும் பேசிட்டிருப்போம்."

"அவ்வளவுதானா? இதுக்கா தெனமும் கண்ணு செவந்து வர்றீங்க?"

"கடைசியில நீ கத்திய வெச்சுட்டு என்னை நிமுந்து பாப்பே. எதையோ சொல்றதுக்கு வாயத் தொறப்பே." அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அங்க தொடரும்னு போட்ருவாங்க. நீ என்ன சொல்ல வந்தேன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது."

கோகிலவாணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். என்ன சொல்வதென்று அவளுக்கும் தெரியவில்லை.

"மெதுவாச் சொல்லு" என்றார் லோகநாதன். "ஊடு போயிச் சேர நேரமிருக்குது."